எனக்குத் தூக்கம் வரவில்லையாம்!

உங்கள் வீட்டு ஹாலில் ஒருவர் வந்து நின்றுகொண்டு, "ஏன் டீச்சர், தெனமும் ராத்திரி மூணு மணி நேரம் எங்க வீட்டுப் பொண்ணுகிட்ட அப்படி என்னாதான் பேசுறீங்க?" என்று கேட்டால் நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்?

அதுவும், நீங்கள் அந்தப் பெண்ணோடு போனில் ஒரு நாள்கூடப் பேசியதே இல்லை என்றால்?

இந்த ஆடி மாதத்து முதல் வெள்ளிக்கிழமை, காலைக் கோப்பியைப் பாதிதான் குடித்திருந்தேன். கேட்டவர் தனம் அக்கா. காஜா பேராங்கில் எங்கள் வரிசையின் கடைசி வீடு. ரவிக்கை தைப்பவர். மலாக்காவில் பாதிப் பெண்களுடைய இடுப்பளவு இவருக்கு மனப்பாடம் என்பதால், யாரும் இவரைப் பகைத்துக்கொள்வதில்லை.

கையிலிருந்த போனை என் மூக்குக்கு நேராக நீட்டினார். அது அவருடைய அண்ணன் மகள் யோகேஸின் போன். கல்யாண ரவிக்கைக்குக் கழுத்து டிசைன் பார்க்க வாங்கியவர், விரல் எங்கோ பட்டு, வந்த அழைப்புகளின் பக்கத்தைத் திறந்துவிட்டார். பார்த்தால்... டீச்சர், டீச்சர், டீச்சர். மேலிருந்து கீழ்வரை டீச்சர்தான். எல்லாம் நள்ளிரவுக்குப் பிறகு வந்தவை.

என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியும். மத்தியானம் டியூஷன் பிள்ளைகளோடு கத்திவிட்டு, ஒன்பதரைக்குத் தலையணையில் தலையை வைத்தேன் என்றால் இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டேன். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் வெள்ளிக்கிழமை பின்னிரவில் வந்து, கதவைத் தட்டித் தட்டி, காரிலேயே படுத்துத் தூங்கிய கதையைக்கூட இதே பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அப்பேர்ப்பட்ட நான் நள்ளிரவில் போன் பேசினேனாம்!

"அக்கா, நான் வந்து..." என்று ஆரம்பித்தேன். அப்போதுதான் கேட்டுக்கு வெளியே பார்த்தேன். யோகேஸ். வேலைக்குக் கிளம்பிய பல் கிளினிக் யூனிபார்மில், கண்ணைச் சுற்றிக் கறுப்பு வளையத்தோடு, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டபடி நின்றுகொண்டிருந்தாள்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். என்ன செய்தேன்?

"எனக்கு... ராத்திரியில தூக்கமே வரமாட்டேங்குது அக்கா. அதான் அந்தப் பிள்ளகிட்ட பேசிக்கிட்டு..."

அக்காவின் முகம் நொடியில் மாறியது. கோபமெல்லாம் போய், கண் கலங்கிவிட்டது. "அலாமா! ஏன் டீச்சர் முன்னாடியே எங்கிட்ட சொல்லல? சாரும் பக்கத்துல இல்ல, தனியா கெடந்து எம்புட்டு சூசாப்பட்டீங்களோ, எம்புட்டு கஷ்டமோ!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கேட்டுக்கு வெளியே யோகேஸ் மோட்டார் சைக்கிளை முடுக்கிக்கொண்டு பறந்துவிட்டாள். வாயைக் கொடுத்துவிட்டு நின்றது நான் மட்டும்தான்.

சாயங்காலம் வந்தாள். சமையலறையில் என் எதிரே உட்கார்ந்து, இரண்டு கொட்டாவிகளுக்கு நடுவே விஷயத்தைச் சொன்னாள்.

அவளுக்கு உஜோங் பாசிரைச் சேர்ந்த லோகனோடு ஆனியில் நிச்சயம் ஆனது. ஆவணியில் கல்யாணம். நடுவில் ஆடி. கல்யாணமான ஜோடிகளைத்தான் ஆடியில் பிரித்து வைப்பார்கள், உங்களுக்குத் தெரியும். தனம் அக்கா ஒரு படி மேலே போய்விட்டார். நிச்சயமான ஜோடிக்கும் ஆடி உண்டாம்! மாதம் முடியும் வரை முகம் பார்க்கக்கூடாது, குரல் கேட்கக்கூடாது, மெசேஜ் கிடையாது, அந்தச் சிரிக்கிற மஞ்சள் மூஞ்சிகூடக் கிடையாது. மாரியம்மன் சந்நிதியில் கற்பூரத்தை ஏற்றி, அதன்மேல் கையை வைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கியிருக்கிறார்.

"கற்பூரத்துல அடிச்சு சத்தியம் பண்ணிட்டு இப்படிச் செய்யலாமா யோகேஸ்?"

"நான் லோகனுக்கு கோல் பண்ண மாட்டேன்னுதான் டீச்சர் சத்தியம் பண்ணேன். நான் பண்றதே இல்ல. அவர்தான் எனக்குப் பண்றாரு."

இந்தப் பெண் வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டியவள். பல் கிளினிக்கில் எண் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள்.

அத்தை தூங்கும் வரை காத்திருப்பாளாம். நள்ளிரவு தாண்டித்தான் அத்தை அறையில் விளக்கணையும். பிறகு போர்வைக்குள் புகுந்துகொண்டு கிசுகிசு. முடியும்போது மணி மூன்றரை ஆகிவிடுமாம். அவனுக்கு புக்கிட் ரம்பாய் ஃபேக்டரியில் காலை ஷிஃப்ட். இவளுக்கும் காலையிலேயே வேலை. அன்று கிளினிக்கில் தூக்கக் கலக்கத்தில் வாயில் பல் இல்லாத ஒரு தாத்தாவைப் பல் பிடுங்க உள்ளே அனுப்பியிருக்கிறாள்.

"அவரோட நம்பர ஏன்மா என் பேர்ல போட்ட? ஊர்ல வேற பேரே கெடைக்கலியா?"

"உங்க பேரப் பாத்தா அத்தை சந்தேகப்படமாட்டாங்கன்னு நெனைச்சேன்."

என்னை இப்படியெல்லாம் கூடப் பாராட்டலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இனிமேல் ராத்திரியில் பேசவே கூடாது என்று கண்டித்தேன். சரி டீச்சர் என்றாள். போனைக் கையில் வைத்திருக்கும் பிள்ளைகள் "சரி" என்று சொல்லும்போது ஒரு அழகு இருக்கும், பார்த்திருக்கிறீர்களா? கண் நம்மைப் பார்க்கும், கட்டைவிரல் மட்டும் தன் வேலையைப் பார்க்கும்.

மறுநாளிலிருந்து எனக்கு வைத்தியம் ஆரம்பித்தது.

தனம் அக்கா ரகசியம் காப்பவர் என்று யாரும் குற்றம் சொல்ல முடியாது. ரவிக்கை வாங்க வந்த அத்தனை பேரிடமும் என் தூக்கமின்மையைச் சொல்லியிருக்கிறார். பாசாரில் மளிகைக்கடை வைத்திருக்கும் பாய், நான் கேட்காமலே ஜாதிக்காய்ப் பொட்டலம் ஒன்றை என் பையில் போட்டு, "பால்ல ஒரசிக் குடிங்கம்மா, கண்ணு தானா சொக்கும்" என்றார். பக்கத்துத் தெருச் செட்டியம்மா வந்தார். நெற்றி நிறையத் திருநீறு, வாய் நிறைய மலாய் — பரம்பரையாக மலாய் பேசும் மலாக்காச் செட்டிகளின் வழக்கம் அது. "தீச்சர், தா போலே தீடோர்?" என்று, அதாவது தூங்க முடியவில்லையா என்று கேட்டு, கேக்கில் வாசனைக்குப் போடும் பாண்டான் இலையை ஒரு கட்டு என் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுப் போனார். அன்றிரவு முழுக்க என் கனவில் கேக் வந்துகொண்டே இருந்தது.

டியூஷனுக்கு வரும் ஒரு பிள்ளையின் அம்மா, செம்மறியாடுகளை எண்ணச் சொன்னார். செமாபோக்கில் இருக்கும் என் நாத்தனார், கால் பாதத்தில் நல்லெண்ணெய் தேய்க்கச் சொல்லி போன் செய்தார். தேய்த்து, கழிவறைக்குப் போகும் வழியில் வழுக்கி விழுந்ததுதான் மிச்சம்.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். அக்காவின் அடுத்த முடிவைத்தான் பொறுக்க முடியவில்லை.

யோகேஸின் அப்பா லாரி டிரைவர். லீவில் வீட்டிலிருந்தார். பெண்ணை அவர் பொறுப்பில் விட்டுவிட்டு, பாயும் தலையணையும் போர்வையுமாக என் வீட்டு வாசலில் வந்து நின்றார் தனம் அக்கா. "பேச்சுத் துணைக்கு ஆளில்லாமதான டீச்சர் அந்தப் பிள்ளய எழுப்புறீங்க? பாவம், அவளும் வேலைக்குப் போறவ. இனிமே நான் இருக்கேன். எந்நேரம் முழிப்பு வந்தாலும் என்னை எழுப்புங்க."

எழுப்புவதா? தூங்கினால்தானே எழுப்ப!

விளக்கை அணைத்ததும் அக்கா போனை எடுத்தார். சீரியல். நோயாளி பக்கத்தில் படுத்திருக்கிறாளே என்று சத்தத்தை மட்டும் குறைத்துக்கொண்டார். வெளிச்சத்தைக் குறைக்கவில்லை. சுவரெல்லாம் நீலமாக, பிறகு வெள்ளையாக, கல்யாணக் காட்சி வந்தால் மஞ்சளாக... என் படுக்கையறை தீபாவளிக் கடைவீதி ஆகிவிட்டது.

"தூங்கறதுக்கு முன்னாடி போன் பாத்தா தூக்கம் கெட்டுப்போகும்னு டாக்டருங்க சொல்றாங்க அக்கா" என்றேன்.

"அது உங்கள மாதிரி தூக்கம் வராதவங்களுக்கு. எனக்கு இதப் பாத்தாத்தான் தூக்கமே வரும்" என்றார். ஒரு பகுதி முடிந்தது. தானாகவே அடுத்தது ஆரம்பித்தது. அதுவும் முடிந்தது. அவர் கண் மூடவே இல்லை.

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன். காது திரும்பவில்லை. பெரிய மருமகள் பாலில் எதையோ கலக்குகிறாள். யாருக்கு? மாமியாருக்கா, சின்ன மருமகளுக்கா? எனக்கென்ன வந்தது என்று கண்ணை இறுக்கி மூடினேன். அந்தப் பால் டம்ளர் யார் கைக்குப் போகிறது என்று மட்டும் பார்த்துவிட்டுத் தூங்கலாமே என்று தோன்றியது. திரும்பினேன். அக்கா ஒன்றும் சொல்லாமல் போனை நடுவில் வைத்தார்.

அவ்வளவுதான். ஆயுளில் முதல் முறையாக எனக்கு நிஜமாகவே தூக்கம் போய்விட்டது.

மறுநாள் டியூஷனில் ஏழாம் வாய்பாடு சொல்லிக்கொடுக்கும்போது, நடுவில் அந்தப் பெரிய மருமகளின் பெயர் என் வாயில் வந்தது. பிள்ளைகள் அதையும் சேர்த்துச் சத்தமாகச் சொன்னார்கள். அக்காவோ, யாருக்கோ இடது கையை வலது பக்கத்தில் வைத்துத் தைத்துவிட்டு, துணி சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

வேடிக்கை அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்த வாரத்தில் ஒருநாள் மாப்பிள்ளை மோதிரத்துக்கு அளவெடுக்க டவுனில் ஒரு நகைக்கடைக்குப் போனார்கள். ஆடியில் பொன் வாங்கக்கூடாது. அளவெடுக்கலாம் என்பது அக்காவின் சட்டம். அக்கா, லோகன், லோகனின் அம்மா. யோகேஸுக்கு அனுமதியில்லை. சாயங்காலம் அக்கா நேராக என் வீட்டுக்கு வந்து, கைப்பையைக்கூட இறக்காமல் நாற்காலியில் விழுந்தார்.

"டீச்சர், அந்தப் பையன் ஆளு சரியில்ல."

கடைக்காரர் அளவு வளையத்தை விரலில் மாட்டி, இது சரியா பாருங்க தம்பி என்றிருக்கிறார். பதில் இல்லை. பார்த்தால் தம்பி, விரலில் வளையத்தோடு, கண்ணாடிப் பெட்டிமேல் கன்னத்தை வைத்துக் குறட்டை விடுகிறான். எழுப்பினால் கண்ணெல்லாம் சிவப்பு. இன்னும் இரண்டு நிமிடத்தில் மறுபடியும் பெட்டிமேல்.

"பட்டப்பகல்ல யாராச்சும் இப்படி விழுவாங்களா டீச்சர்? இந்தக் காலத்துப் பையன்க எதெதயோ போட்டுக்கிறானுங்க. கேட்டுட்டேன். எதுக்கும் ஒரு யூரின் டெஸ்ட் எடுத்துருவோம்னு அவங்க அம்மாகிட்ட கேட்டுட்டேன்."

"கடையிலயேவா? எல்லார் முன்னாடியுமா?"

"பொண்ணக் குடுக்கறவ நான். கேக்கக்கூடாதா?"

லோகனின் அம்மா மகனை எழுப்பிக் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாராம். அரை மணி நேரத்தில் போன் வந்தது: ஞாயிற்றுக்கிழமைக்குள் அக்கா வீடு தேடி வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். இல்லையென்றால் இந்தக் கல்யாணமே வேண்டாம்.

"வேணாம்னா வேணாம். போதைக்காரனுக்குக் குடுக்கறதுக்கா நான் வளத்தேன்?" என்றார் அக்கா. சொல்லும்போது குரல் உடைந்தது. யோகேஸ் கைக்குழந்தையாக இருக்கும்போதே அவளுடைய அம்மா தவறிவிட்டார். தனக்கென்று ஒரு வாழ்க்கையைப் பார்க்காமல் அவளை வளர்த்தவர் இவர். அந்தப் பயத்தை நான் எப்படிக் கேலி செய்வது?

என் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். யோகேஸைத் தவிர, அந்தப் பையன் ஏன் தூங்குகிறான் என்று தெரிந்த ஒரே ஆள் நான். வாயைத் திறந்தால் யோகேஸின் சத்தியமும் என் பொய்யும் சேர்ந்து சந்தி சிரிக்கும். திறக்காவிட்டால் ஒரு நல்ல பையன் போதைக்காரனாகி, கல்யாணம் நின்றுபோகும். காலையில் சொல்லிவிடலாம் என்று தீர்மானித்துக்கொண்டேன். அன்றிரவும் நாங்கள் இருவரும் சீரியல் பார்த்தோம். அக்கா அழுதது சின்ன மருமகளுக்காகவா, யோகேஸுக்காகவா என்று எனக்குத் தெரியவில்லை.

காலையில் அக்கா எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார். நான் கண்ணைத் திறக்க முடியாமல் கோப்பிக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தேன். போன வேகத்தில் திரும்பி வந்தார். கையில் யோகேஸின் போன். இரவெல்லாம் சீரியல் பார்த்ததில் தன் போன் செத்துப்போக, யாரையோ கூப்பிட அவள் போனை எடுத்திருக்கிறார்.

ரொம்ப அமைதியாகக் கேட்டார்.

"டீச்சர், நேத்து ராத்திரி யோகேஸுக்கு கோல் பண்ணீங்களா?"

தூக்கக் கலக்கம் என்றால் என்னவென்று இப்போது நான் சொல்கிறேன், கேளுங்கள். மூளை படுக்கையிலேயே இருக்கும், வாய் மட்டும் எழுந்து வேலைக்கு வந்துவிடும். என் வாய் பழக்கதோஷத்தில் சொன்னது:

"ஆமாக்கா. கொஞ்ச நேரந்தான்."

"எங்கேருந்து பண்ணீங்க? என் பக்கத்துல படுத்துக்கிட்டேவா?"

அப்போதுதான் மூளை ஓடிவந்து சேர்ந்தது. என்ன பிரயோசனம்? நான் முழித்த முழியிலேயே அக்காவுக்குப் பாதி புரிந்திருக்கும். மீதியைத் தெரிந்துகொள்ள, என்னைப் பார்த்துக்கொண்டே அந்த 'டீச்சர்' பெயரை அழுத்தினார். ஸ்பீக்கரைப் போட்டார்.

மேசைமேல் என் போன் சமர்த்தாகப் படுத்திருந்தது. ஒரு சின்ன நடுக்கம்கூட இல்லை.

"ஏய் குட்டி," என்றது ஸ்பீக்கர், ஆண் குரலில், மெஷின் சத்தத்துக்கு நடுவே. "நான் ஃபேக்டரி லைன்ல நிக்கிறேன்லா. ரெண்டு வாட்டி தூங்கி விழுந்துட்டேன். அத்தை அந்த டெஸ்டுதான கேட்டாங்க? எடுத்துர்றேன்னு சொல்லு. அம்மாவ நான் பாத்துக்கறேன். நீ அழாத, சரியா?"

அக்கா போனை அணைத்தார். அடுப்பில் தண்ணீர் கொதித்துக் கொதித்துப் பாதியாகிக்கொண்டிருந்தது. இருவரில் யாருக்கும் அதை அணைக்கத் தோன்றவில்லை.

யோகேஸ் போனைத் தேடிக்கொண்டு ஓடி வந்தாள். வாசலிலேயே விஷயம் புரிந்துவிட்டது. அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டாள். அக்கா கத்துவார் என்று நானும் அவளும் காத்திருந்தோம். கத்தவில்லை.

"ஏன்டி, நான் என்ன வேணும்னா உங்களப் பிரிச்சு வெச்சேன்?" என்றார். "எனக்கும் ஒரு தடவ நிச்சயமாச்சு. உங்கப்பாவக் கேளு. அவரு கடை போன்லருந்து கூப்புடுவாரு, நான் பக்கத்து வீட்டு போன்ல பேசுவேன். பேசிப் பேசி ஒருநாள் சண்ட வந்துச்சு. அதோட சரி. அவரும் கூப்புடல, நானும் கூப்புடல. கல்யாணத்துக்கு முன்னாடி பேசினா கொறதான் தெரியும். அதான் பேசாத பேசாதன்னேன்."

இத்தனை வருடப் பழக்கத்தில் எனக்கே இது தெரியாது. ஆடியும் இல்லை, அம்மனும் இல்லை. தனக்கு ஆனது இந்தப் பெண்ணுக்கும் ஆகிவிடக்கூடாதே என்ற பயம்தான் எல்லாம்.

"நாங்களும் சண்ட போட்டோம் அத்தை" என்றாள் யோகேஸ் மெதுவாக.

"எப்ப?"

"ஆடி ஒண்ணாம் தேதியே. ரொம்பப் பெரிய சண்ட."

"அப்புறம்?"

"அப்புறமும் பேசினோம்."

அக்கா எழுந்து போய் அடுப்பை அணைத்தார். "மூஞ்சியக் கழுவிட்டு வேலைக்குப் போ. சாயங்காலம் நான் உஜோங் பாசிர் போறேன். டீச்சர், நீங்களும் வாங்க. இதுல உங்க பங்கும் இருக்குல்ல?" என்றார்.

இருந்தது. போனேன்.

லோகனின் அம்மா எங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை. அக்கா நின்றபடியே, ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். "உங்க பையன் எந்தத் தப்பும் பண்ணல. ராத்திரியெல்லாம் எங்க பொண்ணுகிட்ட பேசிட்டு, பகல்ல தூங்குறான். பேசக்கூடாதுன்னு திருட்டுத்தனம் பண்ண வெச்சது நான். ஊருக்கு முன்னாடி கேட்டது பெரிய தப்பு. மன்னிச்சிடுங்க."

அந்த அம்மா மகனின் அறைக்கதவைப் பார்த்துக் கேட்டார். "பொண்ணா? எங்கிட்ட சூப்பர்வைசர்னுல்ல சொன்னான்!"

என்னவென்றால், நள்ளிரவில் மகன் போனில் கிசுகிசுப்பதைப் பார்த்துக் கேட்டிருக்கிறார். ஃபேக்டரி சூப்பர்வைசர், மெஷினில் பிரச்சினை என்றிருக்கிறான். தூங்கவிடாமல் பிள்ளையின் உயிரை எடுக்கிறானே என்று வெள்ளிதோறும் அந்த முகம் தெரியாத சூப்பர்வைசருக்கு வேலை மாற்றம் கேட்டு அம்மனுக்கு நெய் விளக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்!

"அந்த ஆளு போன வாரம் நெசமாவே மாத்தலாகிப் போயிட்டாரும்மா" என்றது உள்ளேயிருந்து ஒரு தூக்கக் குரல்.

முதலில் சிரித்தது அந்த அம்மாதான். அப்புறம் அக்கா. நாற்காலி வந்தது, தேத்தண்ணீர் வந்தது, கல்யாணம் பழையபடி ஆவணிக்கே உறுதியானது.

தூங்கும் முன் போன் பார்க்காதீர்கள், அதன் வெளிச்சம் தூக்கத்தைத் தள்ளிவிடும் என்கிறார்கள். உண்மைதான். என் படுக்கையறைச் சுவரே சாட்சி. ஆனால் ஒன்று மட்டும் எனக்குப் புரிந்தது. பகலில் பேச இடம் இல்லாத பேச்செல்லாம்தான் ராத்திரியில் போர்வைக்குள் போய்ச் சேர்கிறது. வெளிச்சத்தை அணைத்துவிடலாம். அந்தப் பேச்சை எங்கே அணைப்பது?

அக்காவும் அப்படித்தான் யோசித்திருக்க வேண்டும். புதுச் சட்டம் போட்டார். தினமும் ராத்திரி எட்டு மணிக்கு, ஹாலில், எல்லார் முன்னிலையிலும், ஸ்பீக்கரில் பேசிக்கொள்ளலாம். பேசி முடித்ததும் வீட்டிலுள்ள எல்லாப் போன்களும் தையல் மெஷின் டிராயருக்குள் போய்விட வேண்டும். அக்காவுடையதும்தான்! முதல் நாள் நானும் போயிருந்தேன். வேறென்ன, வேடிக்கை பார்க்கத்தான்.

லோகன் கூப்பிட்டான். யோகேஸ் போனை டீப்பாயின்மேல் வைத்தாள்.

"சாப்டீங்களா?"

"ம். நீங்க?"

"ம்."

"வேல?"

"அப்படியேதான்."

அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. யோகேஸ் கொட்டாவி விட்டாள். அந்தப் பக்கமும் ஒரு கொட்டாவி கேட்டது.

அக்கா என் காதில் கிசுகிசுத்தார். "என்னா டீச்சர் இது? மூணு மணி நேரம் பேசினாங்களே... இம்புட்டுதானா?" கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். "அங்க மழையான்னு கேளுடி" என்றார். யோகேஸ் கேட்டாள். இல்லையாம். "சட்ட தைக்கக் குடுத்தாச்சான்னு கேளு." குடுத்தாச்சாம்.

அக்காவால் தாங்க முடியவில்லை. "குடு இங்க" என்று போனை எடுத்தார். "தம்பி, அத்தை பேசுறேன். சட்ட எங்க குடுத்தீங்க? அங்கயா? அலாமா, அவன் கழுத்த இறுக்கிருவானே! நெஞ்சளவு என்னா எழுதினான்? சொல்லுங்க, நான் சொல்றேன்..."

நெஞ்சளவில் ஆரம்பித்தது, யோகேஸ் பிறந்த கதைக்குப் போனது. அவள் முதலில் நடந்தது, பள்ளிக்கூடத்துக்குப் போக மாட்டேன் என்று உருண்டது, அம்மை போட்டது... அக்காவுக்கு இத்தனை வருடமாய்ச் சொல்ல ஆள் கிடைக்காத கதைகள் எத்தனை இருந்தன! நான் விடைபெற்றபோது யோகேஸ் சோபாவில் வாயைத் திறந்தபடி அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அக்கா அப்போதுதான் அவளுடைய இரண்டாம் வகுப்புக்கு வந்திருந்தார்.

மாப்பிள்ளைக்கு மறுநாள் காலை ஷிஃப்ட்... அதை இந்த அத்தையிடம் யார் சொல்வது?